வேலிக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர்

27 ஜூலை 2024, சனி

விடியத் தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. லோஜனாவின் உடுப்பை ஹீட்டருக்கு முன்னால் கதிரையில் விரித்துப் போட்டேன். கணவாய்க் கறி வைத்தேன். அவளுக்குப் பிடிக்கும் என்று தேங்காய்ப்பால் கொஞ்சம் கூட விட்டேன். இறக்கி வைத்துவிட்டு ஆளைத் தேடினால் வீட்டில் இல்லை.

குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம், மி சான் வீட்டு மேசையில் இருந்து இரண்டு பேரும் சோறு தின்கிறார்கள். மி சான் மீனில் முள் எடுத்து எடுத்து அவளுடைய கோப்பையில் வைக்கிறாள். பதினெட்டு வயதுக் குமருக்கு முள் எடுத்துக் கொடுக்க வேணுமா?

வந்ததும் கேட்டேன். "ஏன் பிள்ளை, இஞ்சை சோறு இல்லையோ?"

"ஐம் ஃபுல், அம்மா."

எனக்கு இங்கிலீசு. மி சானோடு மட்டும் அவளுடைய மோன் பாஷை. அதுவும் சிரித்துச் சிரித்து. என் வயிற்றில் பிறந்தது வேறொருத்தியின் பாஷையில் சிரிக்கிறது.

கணவாயை நானே தின்றேன். நல்லாய்த்தான் இருந்தது.


4 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடி அமாவாசை. லோஜனாவின் அப்பாவுக்கு விரதம். தமிழ்க் கடையில் விரதக் கறிக்கு வேண்டிய காத்தோட்டிக்காய் பிரீசரில் வந்திருந்தது. அவருக்குப் படைக்க எட்டுக் கறி வைத்தேன். தகப்பனுக்குப் படைக்கப் பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டாமா? காலையில் மி சான் வந்து கதவைத் தட்டினாள், இவள் செருப்பையும் மாட்டாமல் ஓடிவிட்டாள்.

மி சானின் ஊரில் வெள்ளமாம். ஆறு பெருகி வீடுகளின் கூரை மட்டும் தெரிகிறதாம். அவளுடைய தம்பியைக் காணவில்லை.

பாவம்தான். பாவம் இல்லை என்று நான் சொன்னேனா?

மி சானைப் பற்றி இந்தக் கொப்பியில் திட்டித்தான் எழுதியிருக்கிறேன், ஒழுங்காக எழுதவில்லை. பர்மாவில் பிறந்தவள், ஆனால் பர்மாக்காரி என்றால் கோபம் வரும். மோன் என்று சொல்ல வேண்டும். என்னை யாராவது சிறீலங்கன் என்று சொன்னால் எனக்குச் சுள்ளென்று வருவது மாதிரி. ஆக்லாந்துக்கு வந்து இறங்க, மாங்கரேயில் அகதிகளை முதலில் கொண்டுவந்து வைக்கிற இடத்தில்தான் அவளைக் கண்டேன். லோஜனாவுக்கு அப்போது ஏழு வயது. பிறகு இங்கே மனுரேவாவில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே லோண்ட்ரியில் வேலை. எங்கள் இரண்டு பேரின் இங்கிலீசையும் சேர்த்தால்தான் ஒரு முழு இங்கிலீசு வரும்.

முதல் வருசங்களில் எனக்கு இரவு வேலை, அவளுக்குப் பகல் வேலை. லோஜனா அவள் வீட்டில்தான் படுப்பாள். நான் சம்பளம் கொண்டுவந்தேன், அவள் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டாள். புருசன் இல்லை, பிள்ளை இல்லை, பெறாமலே ஒன்று கிடைத்துவிட்டது அவளுக்கு.

இவருக்கு நான் தனியாகப் படைத்தேன்.


11 ஆகஸ்ட், ஞாயிறு

மோன் ஆட்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் சாப்பாடு விற்று வெள்ளத்துக்குச் சேர்க்கிறார்கள். ஆக்லாந்து முழுக்கத் தேடினாலும் ஒரு கலியாண வீட்டை நிரப்ப ஆள் காணாது. ஆனால் வந்த அத்தனை பேரும் வேலை செய்கிறார்கள். ஒருவர் உரிக்க, ஒருவர் கிண்ட, ஒருவர் கழுவ. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஆட்கள் கூடினால் முதல் வேலை யார் தலைவர் என்பதுதான். பிறகு இரண்டு சங்கம்.

லோஜனா சிவப்புச் சாரமும் வெள்ளைச் சட்டையும். அதுதான் அவர்களின் உடுப்பு. தோளில் துண்டு. வடிவாய்த்தான் இருந்தது. நான் எடுத்துக் கொடுத்த பாவாடை தாவணி அலுமாரியில் கடைக் கவரோடு கிடக்கிறது.

ஒரு வெள்ளைக்காரி வந்து மி சானைக் கேட்டாள், உன் மகளா என்று. மி சான் இல்லை என்று தலையாட்டி என்னைக் காட்டினாள். ஆனால் கொஞ்சம் சுணங்கித்தான் காட்டினாள். நான் கண்டேன்.


18 ஆகஸ்ட், ஞாயிறு

சிற்றியில் ஊர்வலம். தண்ணீரில் கிடக்கிற சனத்துக்கு உதவி போக விடாமல் பர்மா ஆமி மறிக்கிறதாம். அதைக் கேட்க. லோஜனா மைக் பிடித்துப் பேசினாள். அவளுடைய குரல் இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. யூரியூப்பில் யாரோ போட்டிருந்ததைத்தான் பார்த்தேன்.

எங்கள் ஆட்களின் நினைவு நாளுக்கு வா என்றால் அசைன்மென்ற். தலையிடி. பஸ் இல்லை.

மூன்று தரம் பார்த்தேன். என்னுடைய பிள்ளை. யாருக்கோ அழுகிறாள்.


25 ஆகஸ்ட், ஞாயிறு

மி சானின் தம்பி கிடைத்துவிட்டான். உயிரோடு.


26 ஆகஸ்ட், திங்கள்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

மலைப் பக்கம் ஒரு விகாரையில் ஏறி இருந்திருக்கிறான். கால் முறிந்து. போன் இல்லாமல். அவளும் லோஜனாவும் வேலியடியில் நின்று கட்டிப்பிடித்துக் குளறி அழுதார்கள். மி சான் என்னிடம் ஓடி வந்து கையைப் பிடித்தாள். "அக்கா, வந்திட்டான், அக்கா, வந்திட்டான்." அந்த இரண்டு சொல்லையும் தமிழில் சொன்னாள். லோஜனா சொல்லிக் கொடுத்திருப்பாள்.

நான் சிரித்தேன். கடவுளே, வாய்தான் சிரித்தது.

காணாமல் போனவன் திரும்பி வருவான். இருபது வருசமாக நான் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்? உடல் காணாதவனைச் செத்தவன் என்று சொல்லாதேயுங்கோ என்று எல்லோரோடும் சண்டை பிடித்தேனே. அது நடக்கிற காரியம்தான் என்று நேற்றுக் கண்ணால் கண்டேன். என் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில்.

ஏன் அவளுக்கு?

முல்லைத்தீவில் சுனாமி வந்த அன்றைக்குப் போயா விடுமுறை. பூரணை. ஞாயிற்றுக்கிழமை. என்னுடைய மூத்தவன், ஆறு வயது, கடற்கரைக்கு விளையாடப் போனவன். லோஜனா அப்போது பிறக்கவில்லை. அலை போன பிறகு எல்லா இடமும் தேடினோம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில். ஐயர் சொன்னார், தர்ப்பையில் ஒரு உருவம் செய்து எரித்துவிட்டு அந்தியேட்டிச் சடங்கு செய்யலாம் என்று. புல்லை எரித்து அது என்ரை பிள்ளை என்று சொல்லவோ? நான் ஓம் படவில்லை. எள்ளும் தண்ணீரும் இறைக்கவில்லை. படம் எல்லாம் அலையோடு போய்விட்டது. இவர் சண்டையில் செல் விழுந்து செத்ததைக் கண்ணால் கண்டு, உடலை எரித்தேன், அவருக்கு எல்லாம் செய்தேன். பிள்ளைக்குச் செய்யவில்லை. செய்யவும் மாட்டேன்.

பேரையும் எழுத மாட்டேன். செத்தவர்களின் பேரைத்தான் எழுதி வைப்பார்கள்.


14 செப்டம்பர், சனி

எங்கள் தமிழ்ச் சங்கத்துச் சுந்தரம் போன் எடுத்தார். டிசம்பரில் சுனாமியின் இருபதாம் வருசம், மண்டபம் எடுத்திருக்கிறோம், பேர்கள் வாசிப்போம். "அக்கா, இந்த முறையாவது மகன்ரை பேரைத் தாங்கோ."

தருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் லோஜனாவையும் கூட்டிக்கொண்டு வருவேன் என்று சொன்னேன்.


16 நவம்பர், சனி

லைட் போடாமல் எழுதுகிறேன். எழுத்து வளைந்தால் வளையட்டும்.

பின்னேரம் லோஜனா வந்து பக்கத்தில் இருந்தாள். டிசம்பரில் மி சானோடு தாய்லாந்துக்குப் போகிறாளாம். வெள்ளத்துக்குச் சேர்த்த காசை எல்லைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க. கம்பஸ் லீவு முடியுமட்டும் அங்கே நின்று வேலை செய்ய. இருபத்தாறாம் தேதி கடற்கரைப் பக்கம் ஓர் இடத்தில் நிற்க வேண்டுமாம்.

"இருபத்தாறோ? உன்ரை கொண்ணன்ரை நாளிலை, இஞ்சை என்னோடை நிக்காமல், ஊராற்றை கடற்கரையிலை உனக்கு என்ன வேலை?"

"அதைத்தான் சொல்ல வாறன். லிஸன். மி சான்ரை—"

"அவளின்ரை பேரை இந்த வீட்டிலை எடுக்காதை!"

"நீங்கள் ஒரு நாளும் முழுக்கக் கேக்க மாட்டீங்கள்."

"என்னத்தைக் கேக்கிறது? பெத்த தாய் இஞ்சை தனிய நிக்க, நீ அவளுக்குப் பின்னாலை வாலாட்டிக்கொண்டு போ. போய் அங்கேயே இரு."

எழும்பிவிட்டாள். கதவடியில் நின்று சொன்னாள். எல்லாம் தமிழில். ஒரு சொல் இங்கிலீசு இல்லை. அதுதான் இன்னும் குத்துகிறது.

"நீங்கள் அண்ணாவுக்கு என்ன செய்யிறீங்கள்? பேரைக்கூடச் சொல்ல மாட்டீங்கள். உங்கடை அகதிப் பேப்பரிலை கண்ட அண்ணான்ரை பேரை நானும் மி சானும்தான் ஒவ்வொரு பூரணைக்கும் சொல்லித் தண்ணி ஊத்துறம். நான் சின்னனாய் இருக்கேக்கை இருந்து."

தண்ணி.

என் பிள்ளைக்குத் தண்ணி ஊற்றியிருக்கிறாள். ஒவ்வொரு பூரணைக்கும் இவள் அங்கே போவதை நான் அறிவேன். அவர்களின் ஒட்டுகிற அரிசிச் சோறு தின்னப் போகிறாள் என்று நினைத்தேன்! நான் ஒரு சொட்டு இறைக்காமல் பிடித்து வைத்திருந்த பிள்ளையை அவள் மாதாமாதம் செத்தவன் ஆக்கியிருக்கிறாள். அதுவும் அவனுடைய தங்கச்சியின் கையால்.

எப்படி வெளியே போனேன் என்று தெரியாது. மி சான் தன் வேலியோரத்துப் பிஜோவாப் பழ மரத்தடியில் நின்று இலை கூட்டிக்கொண்டிருந்தாள்.

"எள்ளுந் தண்ணியும் இறைச்சுப் போட்டியேடி! என்ரை பிள்ளைக்கு! நீ ஆர்? உன்ரை தம்பி மட்டும் உயிரோடை வர வேணும், என்ரை பிள்ளை சாக வேணுமோ?"

தமிழில்தான் கத்தினேன். அவளுக்கு விளங்கியிருக்காது. அவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாள். லோஜனா மொழிபெயர்க்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எதிர்வீட்டுச் சமோவன் கிழவன் திரையை விலக்கிப் பார்த்தான். பார்க்கட்டும்.


18 நவம்பர், திங்கள்

லோண்ட்ரியில் பெரிய பெட்ஷீட் மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை. இழுத்து உதறி, நடந்து போய், என் மூலையை அவள் கையில் கொடுக்க வேண்டும். எத்தனையோ வருசமாக நானும் அவளும்தான் சோடி. வேறு ஆளைத் தா என்று சூப்பர்வைசரிடம் கேட்க எனக்கு இங்கிலீசு வரவில்லை. வந்தாலும் காரணம் என்னவென்று சொல்வேன்?

நாள் முழுக்க நடந்து நடந்து அவள் கையில் கொடுத்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய விரல் குளிராய் இருந்தது.


30 நவம்பர், சனி

பிஜோவா மரம் பூத்திருக்கிறது. சிவப்பு. பாதிக் கிளை என் வளவுக்குள். சித்திரை வந்தால் பழம் என் பக்கம் விழுந்து அழுகும். இலை விழுந்து கூரைத் தண்ணிப்பீலி அடைக்கும். வெட்டச் சொல்ல வேணும்.

லோஜனா மூன்று நேரமும் வீட்டில் சாப்பிடுகிறாள். கதைக்கிறாள் இல்லை. இதுதானே எனக்கு வேண்டியிருந்தது?


19 டிசம்பர், வியாழன்

நாளைக்குப் போகிறார்கள்.

வேலை முடியும்போது மி சான் தன் வீட்டுக் கதவுத் திறப்பை என் கையில் வைத்தாள். மடித்த ஷீட்டின் மேலே, மூலையைத் தருகிற மாதிரி. "அக்கா. மரம். தண்ணி. ப்ளீஸ்." போன வருசங்களிலும் எங்கேயாவது போனால் என்னிடம்தான் தருவாள். ஆனால் நான் அப்படிக் கத்திய பிறகுமா?

வாங்கினேன். எறிய வேண்டும் போலவும் இருந்தது.


20 டிசம்பர், வெள்ளி

லோஜனா என் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். பள்ளிக்கூடச் சோதனைக்குப் போனபோதுகூட விழாதவள். நான் தலையில் கை வைத்தேன்.

தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும்.


26 டிசம்பர், வியாழன்

தனியாகத்தான் போனேன். மண்டபத்தில் சனம் நிறைய. மேசையில் படங்கள், மாலையோடு. ஒருத்திக்கு மூன்று படம். இன்னொருத்தி சொல்லி அழுகிறாள், புதைத்த இடத்துக்குப் போன வருசம் போய்ப் பூ வைத்தேன் என்று. எனக்கு அவளிலும் எரிச்சல். படம் இருக்கிறவளில் எரிச்சல், குழி இருக்கிறவளில் எரிச்சல். இப்படியும் ஒருத்தி இருப்பாளா? இருக்கிறேனே.

சுந்தரம் விளக்கைக் கொளுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

பேர் வாசிக்கத் தொடங்க போன் அடித்தது. லோஜனா. வீடியோ. வெளியே கார் நிற்பாட்டுகிற இடத்துக்கு ஓடினேன்.

சிவப்புச் சாரத்தில் நிற்கிறாள். பின்னால் புல்வெளி. வரிசை வரிசையாகச் சின்னக் கற்கள். கற்களில் பேர் இல்லை, நம்பர் மட்டும். நிறைய மோன் ஆட்கள் இருந்து மெழுகுதிரி கொளுத்துகிறார்கள்.

"அம்மா, கட் பண்ணாதேங்கோ. இந்த முறை முழுக்கக் கேளுங்கோ."

கேட்டேன்.

மி சானின் புருசன் அந்தக் கரையில் மீன் துறையில் வேலை செய்தவனாம். எல்லை தாண்டிப் போனவன், பேப்பர் இல்லை. அதே பூரணை. அதே அலை. அவள் எல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தாளாம். அவளுக்கும் பேப்பர் இல்லை. தேடி வந்தால் பொலிஸ் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும். வரவில்லை. "இஞ்சை கிடக்கிற ஆக்களிலை கனபேர் இவையின்ரை ஆக்களாம், அம்மா. ஆர் எண்டு சொல்ல ஒருத்தரும் வரேலாமல் போச்சு. இண்டைக்குத்தான் மி சான் முதல் முறை வாறா. இருபது வருசத்துக்குப் பிறகு. இதைத்தான் நான் அண்டைக்குச் சொல்ல வந்தனான்."

காற்று போனுக்குள் இரைந்தது. இல்லை, கடல்.

"அது எள்ளுத் தண்ணி இல்லை, அம்மா. நாங்கள் செய்த நல்லதைப் பங்கு குடுக்கிறது. செத்தவைக்கும் குடுக்கலாம், உயிரோடை இருக்கிறவைக்கும் குடுக்கலாம். அண்ணா எங்கை இருந்தாலும் எண்டுதான் மி சான் சொல்லுறவ. செத்திட்டான் எண்டு ஒரு நாளும் சொன்னதில்லை. உங்களுக்கும்தான் ஊத்துறவ. மாசாமாசம்."

பிறகு மி சானின் முகம் வந்தது. கண் வீங்கி. கையை நீட்டிக் கடல் பக்கம் காட்டினாள்.

"அக்கா. சேம் வாட்டர்."

நான் கட் பண்ணவில்லை. சார்ஜ் முடிந்து போன் தானாகவே செத்துப்போனது.

உள்ளே போனபோது பேர்கள் முடிந்து தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.


27 டிசம்பர், வெள்ளி

அத்தனை வருசம் ஒரு ஷீட்டின் இரண்டு பக்கம் பிடித்தோம். அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஏன் புருசன் இல்லை என்று ஒரு நாள் கேட்டிருந்தால்?

மாங்கரேயில் ஒருநாள் அவள் கையை அலை மாதிரி மேலே தூக்கிக் காட்டி ஏதோ சொன்னது நினைவு வருகிறது. நான் என் கதையைத்தான் திருப்பிக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். எனக்காகக் கவலைப்படுகிறாள் என்று.

பாவமாய்த்தான் இருக்கிறது. ஆனாலும், உண்மையைச் சொல்லத்தானே இந்தக் கொப்பி, ஆனாலும் எரிகிறது. பிள்ளையை எடுத்தாள். இப்போது என்னுடைய கடலிலும் அவளுக்குப் பங்கா? துக்கத்திலாவது நான் முதல் ஆளாய் இருக்கக்கூடாதா?

விசரி. நீ விசரி.


13 ஜனவரி 2025, திங்கள்

கோயில் கலண்டரைப் பார்த்தேன். மார்கழிப் பூரணை. நாள் கணக்கில் இருபத்தாறு போய்விட்டது, திதிக் கணக்கில் இன்றைக்குத்தான் அவனுடைய நாள். இத்தனை வருசமும் இந்தப் பக்கத்தைப் பார்க்காமல் புரட்டிவிடுவேன்.

வேலையால் வந்து திறப்பை எடுத்துக்கொண்டு மி சான் வீட்டுக்குப் போனேன். மரத்துக்குத் தண்ணி விடத்தான். தண்ணிக் குழாய் வெளியில் இருக்கிறது. உள்ளே போக ஒரு காரணமும் இல்லை. போனேன்.

சாமித் தட்டு. புத்தர். பக்கத்தில் பொன் நிறத்தில் ஓர் அன்னம், அது அவர்களின் கொடியில் இருக்கிற பறவை. கீழே ஒரு ஆம்பிளையின் சின்னப் படம், கறுப்பு வெள்ளை, சிரிக்காமல். அவன்தான்.

அவனுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சித்திரம். கிரேயோனால் கீறினது. ஒரு வீடு, அந்த வீட்டைவிட உயரமாய் ஒரு பெடியன். கையில் பட்டம். லோஜனா சின்னனில் கீறினது. அண்ணா உன்னைவிட நல்ல உயரம் என்று நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். வேறு என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றை வைத்துப் பிள்ளை கீறியிருக்கிறாள். கீறியதை என்னிடம் கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

அலுமாரியில் ஒளித்திருப்பேன். அவள் சட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

எரிந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாய் வரும் என்று இன்றைக்குத்தான் தெரியும்.

தட்டில் ஒரு கண்ணாடிக் கூசாவும் பித்தளைக் கிண்ணமும் கவிழ்த்து வைத்திருந்தது. இந்தப் பூரணைக்கு இந்த வீட்டில் ஊற்ற ஆள் இல்லை. இரண்டு பேரும் அங்கே.

கூசாவில் தண்ணி எடுத்தேன். எப்படிச் செய்வது என்று தெரியாது. மெல்ல மெல்லக் கிண்ணத்துக்குள் ஊற்றினேன். கை பழகாமல் வெளியிலும் சிந்தியது. பேர் தொண்டை வரைக்கும் வந்தது. வெளியில் வரவில்லை. "குஞ்சு" என்று மட்டும் சொன்னேன். "எங்கை இருந்தாலும், குஞ்சு."

மற்றவனுக்கும் ஊற்றினேன். அவனுடைய பேர் எனக்குத் தெரியாது. அவள் வரக் கேட்க வேண்டும்.

கிண்ணத்துத் தண்ணியை எங்கே விடுவது? பின்கதவைத் திறந்தால் தெரிந்தது. பிஜோவா மரத்தடியில் மண் கரைந்து ஒரு சின்னப் பள்ளம். சுற்றிலும் புல் பச்சையாய். எல்லாப் பூரணைத் தண்ணியும் அங்கேதான் போயிருக்கிறது. இந்த மரம்தான் குடித்திருக்கிறது. இதன் பழத்தைத்தான் நான் வருசா வருசம் திட்டித் திட்டிப் பொறுக்கி, சீனி போட்டுக் காய்ச்சி, பாணில் பூசித் தின்றேன்.

ஊற்றினேன். கொப்பில் சின்னச் சின்னப் பிஞ்சு. பட்டன் அளவு.


9 பெப்ரவரி, ஞாயிறு

வந்துவிட்டார்கள். எயார்போட்டில் லோஜனா முதலில் என்னைத்தான் கட்டிப்பிடித்தாள். யார் முதல் என்று பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

கறுத்துவிட்டாள். மெலிந்துவிட்டாள். கணவாய் வைத்தேன், இரண்டு தரம் போட்டுத் தின்றாள்.

பின்னேரம் திறப்பைக் கொடுக்கப் போனேன். மி சான் கேட்டாள். "மரம் தண்ணி, ஓகே அக்கா?"

"ஊத்தினனான்."

"எப்ப?"

"பூரணைக்கு."

என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். நான் மரத்தைப் பார்த்தேன். பிறகு அவளுடைய புருசனின் பேரைக் கேட்டேன். ஓங் மொன். இரண்டு தரம் சொல்ல வைத்து ஒழுங்காய்ச் சொல்லப் பழகினேன். நான் சொன்ன விதத்துக்கு அவள் சிரித்தாள், பிறகு அழுதாள்.

மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு வேண்டிய இங்கிலீசு எங்கள் இரண்டு பேரிடமும் இல்லை. அவளை இழுத்துக்கொண்டு வந்து கணவாய் போட்டேன்.


29 மார்ச், சனி

பர்மாவில் பூமி நடுங்கிக் கட்டடம் எல்லாம் விழுந்திருக்கிறதாம். மி சானின் ஊருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் மற்ற ஊர்களில் சனம் கல்லுக்குக் கீழே. லோஜனா போனோடு இருக்கிறாள். ஒரு காதில் மோன், மற்றக் காதில் இங்கிலீசு.

"அவை மோன் ஆக்கள் இல்லையே, பர்மாக்காரர்தானே?" என்று மி சானைக் கேட்டேன்.

"அக்கா," என்றாள். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

கடலைப்பருப்பு ஊறப் போட்டேன். அதே பள்ளிக்கூட மண்டபத்தில் காசு சேர்ப்பு, என் வடை அவர்களின் நூடில்சுக்குப் பக்கத்தில். என்னை யாரும் கேட்கவில்லை. நானேதான்.

சுந்தரத்துக்குப் போன் எடுத்தேன். "எங்கடை ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இரண்டு சங்கமும்."

"இரண்டும் ஒரு இடத்துக்கு வராது அக்கா."

"வெங்காயம் உரிக்கத் தலைவர் தேவையில்லை. வரச் சொல்லுங்கோ."

வந்தார்கள். ஒரு சங்கம் பின்கதவாலும் மற்றது முன்கதவாலும். ஆனால் வந்தார்கள்.


13 ஏப்ரல், ஞாயிறு

பூரணை. நாளைக்கு எங்களுக்கு வருசப் பிறப்பு. அவர்களுக்கும் இந்தக் கிழமைதானாம்.

காலையில் மண்டபத்தில் பூமிநடுக்கத்தில் போனவர்களுக்காகப் பிரார்த்தனை. அது முடிந்து பின்னேரம் மூன்று பேரும் மரத்தடியில். லோஜனா மோன் பாஷையில் பிரார்த்தனை சொன்னாள். மி சான் அவளுடைய தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள், எனக்கு நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கடி கடித்தது. கடிக்கட்டும். நான் லோஜனாவின் மற்றப் பக்கம் போய் நின்றேன். கூசாவை மூன்று பேரும் பிடித்தோம். ஓங் மொன் என்று நான் சரியாகச் சொன்னேன்.

பழம் விழத் தொடங்கிவிட்டது. மரத்தை வெட்டச் சொல்ல வேணும் என்று போன வருசம் எழுதியிருக்கிறேன். பார்த்தேன். பேனையால் அடித்துவிட்டேன்.

லோஜனா ஒன்றைப் பொறுக்கி, பாதியாய் வெட்டி, கரண்டியோடு முதலில் எனக்குத் தந்தாள். பிறகு மி சானுக்கு. நான் கவனிக்கவில்லை. கவனித்தேன்.

கரண்டியை வாயில் வைத்தபடி லோஜனா கேட்டாள், தமிழில்.

"அம்மா, அண்ணாவுக்கு இது பிடிச்சிருக்குமோ?"

மி சானும் என்னைப் பார்த்தாள். கேட்டது என்னவென்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"பிரணவனுக்குப் புளிப்பு ஆகாது," என்றேன். "நெல்லிக்காயைக் கடிச்சிட்டு மூஞ்சியைச் சுழிச்சு எனக்கு மேலை துப்புவான். இதிலையெண்டால் நடுவிலை இருக்கிற இனிப்பை மட்டும் தோண்டித் திண்டிட்டு, மிச்சத்தை உனக்குத் தந்திருப்பான்."